மூன்று தடவை விதைத்த கடுகுக் கீரை

முதல் தடவை சமைத்த கடுகுக் கீரையை என் மகன் வாயில் வைத்த வேகத்தில் தட்டின் ஓரத்தில் துப்பினான். ஒன்பது வயது. "மருந்து மாதிரி இருக்கும்மா" என்றான். திட்ட வாயெடுத்தேன். அதற்குள் நானும் ஒரு கவளம் விழுங்கியிருந்ததால் திட்ட மனம் வரவில்லை. கசப்பு, நார், அதற்கு மேல் மூக்கில் ஏறும் ஒரு காட்டம். அத்தை மட்டும் ஒன்றும் பேசாமல் களியைப் பிட்டுப் பிட்டுத் தோய்த்துச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவப் போகும்போதுதான், "பூ வெச்ச பிறகு எதுக்கும்மா பறிச்ச?" என்று கேட்டார்.

பறிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். சரி, விடுங்கள்.

நாங்கள் இருப்பது குப்பத்திலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி. சித்தூர் மாவட்டம், ஆந்திரா. ஒரு பக்கம் போனால் தமிழ்நாடு, இன்னொரு பக்கம் கோலார் மாவட்டம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் மூன்று மொழியும். இந்தக் கீரைக்கும் அதனால் மூன்று பெயர்: கடுகுக் கீரை, ஆவகூர, சாசிவெ சொப்பு. பெயர்தான் மூன்று, சந்தையில் கட்டு ஒன்றுகூடக் கிடைக்காது. அத்தை சின்னப் பெண்ணாக இருந்தபோது கேழ்வரகுக் கொல்லையில் இடையிடையே சால் விட்டு அவரை, துவரை, கடுகு எல்லாம் தூவுவார்களாம். களை எடுக்கும்போது கடுகுச் செடி நெருக்கமாக இருந்தால் கலைத்து, பிடுங்கியதை மடியில் கட்டிக்கொண்டு வந்து மற்ற கீரைகளோடு கலந்து கடைவார்களாம். இப்போது கேழ்வரகு போட்ட நிலமெல்லாம் தக்காளியாகிவிட்டது. கடுகு மளிகைக் கடையிலிருந்து வருகிறது, கீரை வருவதில்லை.

எனக்கு இது தேவைப்பட்டதற்குக் காரணம் வேறு. பால் குடித்தால் எனக்கு வயிறு உப்பிக்கொள்ளும். தயிர் பரவாயில்லை, பால் ஆகாது. போன வருடம் முழங்கால் வலி என்று காட்டப் போன இடத்தில், சாப்பாட்டில் கால்சியம் போதாது என்றார்கள். "நான் தினமும் பாலக் கீரை சாப்பிடுகிறேனே" என்று பெருமையாகச் சொன்னேன். அங்கிருந்த உணவு ஆலோசகர் அம்மா சிரித்தார். பாலக்கில் கால்சியம் இருக்கிறது, ஆனால் அதே இலையில் இருக்கும் ஆக்சலேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்புக்குக் கொடுக்காது என்றார். கோஸ், முள்ளங்கி, கடுகு இந்தக் குடும்பத்து இலைகளில் ஆக்சலேட் குறைவு, அதில் இருப்பது நன்றாகவே ஒட்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். பாலில் உள்ள கால்சியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை உடம்பு எடுத்துக்கொள்கிறது. பாலக்கில் இருபதில் ஒரு பங்குதான். கடுகுக் கீரை வகையில் ஐந்தில் இரண்டு பங்கு. இதைப் படித்த அன்று சாயங்காலமே அடுக்களைக் கடுகு டப்பாவைத் திறந்து ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டேன். யோசித்துப் போயிருக்கலாம்.

முதல் விதைப்பு, ஆவணி. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஆறடிக்கு மூன்றடி பாத்தி. எங்கள் மண் செம்மண், காய்ந்தால் ஓடு மாதிரி இறுகும். ஆட்டு எரு இரண்டு கூடை கொட்டிக் கொத்திவிட்டேன். கடுகை அப்படியே கையால் வீசினேன். அதுதான் முதல் தப்பு. கடுகு எவ்வளவு சின்னது என்று தாளிக்கும்போது தெரியும், விதைக்கும்போது மறந்துபோகிறது. ஒரு கிராமில் சில நூறு விதை இருக்கும். ஒரு கைப்பிடிக்கு எவ்வளவு என்று பாருங்கள். மூன்றாம் நாள் பாத்தி முழுக்கப் பச்சைக் கம்பளம். எனக்கோ பிடுங்கிக் கலைக்க மனசில்லை. "எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது" என்று விட்டுவிட்டேன்.

நெருக்கத்தில் செடி இலை விடுவதில்லை, உயரத்தான் பார்க்கிறது. ஒல்லியாக, நூல் மாதிரித் தண்டு. நடுவில் பத்து நாள் மழை இல்லை, வெயில் காய்ந்தது. நானும் இரண்டு நாள் ஊருக்குப் போயிருந்தேன், தண்ணீர் விட ஆளில்லை. முப்பத்தைந்தாம் நாள் நுனியில் மொட்டு, நாற்பதுக்குள் மஞ்சள் பூ. பார்க்க அழகு. அந்த அழகைத்தான் பறித்துச் சமைத்து மகனிடம் அந்தப் பட்டத்தை வாங்கினேன்.

பிறகு புரிந்த விஷயம்: சூடு, தண்ணீர்ப் பஞ்சம், நெருக்கம் மூன்றும் சேர்ந்தால் செடி அவசரமாகப் பூவுக்குப் போகும். பூவுக்குப் போகும்போது இலை சின்னதாகும், நார் ஏறும், கசப்பும் காட்டமும் கூடும். இன்னொன்று, நாம் தாளிக்கும் கடுகு விதைக்காக வளர்க்கும் ரகம். அதற்கு இலை ஒரு வழிச் செலவு மாதிரி, அது போய்ச் சேர வேண்டிய இடம் காய். சீக்கிரம் பூப்பது அதன் குணம். அதைக் கீரையாகத் தின்ன வேண்டுமென்றால் இருபது, இருபத்தைந்து நாளுக்குள் இளசாகப் பிடுங்கிவிட வேண்டும்.

அந்தப் பாத்தியில் இன்னொன்றும் நடந்தது, அதைச் சொல்லாமல் விட முடியாது. கடுகுச் செடிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் வேறு மாதிரி வந்தது. இலையில் வெள்ளை நரம்பு ஓட்டம், ஓரமெல்லாம் முள். ஏதோ புது ரகம் என்று நினைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். அத்தை பார்த்துவிட்டு முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு வேரோடு பிடுங்கினார். ஒடித்த இடத்தில் மஞ்சள் பால். பிரம்மதண்டு. அதன் விதையும் கடுகு போலவே கறுப்பாக, உருண்டையாக இருக்கும், கடுகில் கலந்துவிடும். 1998-இல் டில்லியில் பிரம்மதண்டு எண்ணெய் கலந்த கடுகெண்ணெயைச் சாப்பிட்டுப் பலர் கால் வீங்கி, இதயம் பாதித்து இறந்தார்கள். கடுகு டப்பாவிலிருந்து விதைப்பவர்கள் முளைத்ததையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பறிக்காதீர்கள். முள் இருந்தால், மஞ்சள் பால் வந்தால் அது கடுகு இல்லை.

இரண்டாம் விதைப்பு, புரட்டாசி கடைசி. இந்தத் தடவை புத்தி வந்து விதையோடு நாலு பங்கு மணல் கலந்து, ஒரு அடி இடைவெளியில் கோடு கிழித்துத் தூவினேன். மண் மூடியது விரல் நகம் கனத்துக்கு, அதற்கு மேல் வேண்டாம். அதே பாத்தி. முளைத்து இரண்டு இலை விட்ட மறுநாள் பார்த்தால் இலையெல்லாம் ஊசியால் குத்தினாற்போல் பொட்டுப் பொட்டாக ஓட்டை. கிட்டே குனிந்தால் எள்ளை விடச் சின்னதாகக் கறுப்பு வண்டு, விரலை நீட்டினால் தெறித்து ஓடுகிறது. நாலு நாளில் முக்கால்வாசி நாற்று போய்விட்டது.

சாம்பல் தூவச் சொன்னார் அத்தை. காலையில் பனி ஈரம் இருக்கும்போது விறகடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவினேன். கொஞ்சம் தாக்குப் பிடித்தது, அன்று சாயங்காலமே மழை பெய்து கழுவிக்கொண்டு போய்விட்டது. அப்புறம் பழைய கொசுவலையைப் போட்டு மூடினேன். மூடியதும் வலைக்கு உள்ளேயே வண்டு! முதல் போகத்து வேரிலும் மண்ணிலும் இருந்ததெல்லாம் அங்கேயே வெளியே வந்திருக்கிறது. நான் அவற்றுக்குக் கூரை போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பாத்தியை அத்தோடு விட்டேன், கொத்தமல்லி போட்டேன்.

மூன்றாம் விதைப்புக்கு விதையே வேறு. என் தம்பி பெங்களூரில் வேலை பார்க்கிறான். வாராவாரம் ரயிலில் வருவான். அவனோடு அறையில் தங்கியிருக்கும் பையன் அஸ்ஸாம்காரன். நான் கடுகுக் கீரை போட்டுத் தோற்ற கதையைத் தம்பி அவனிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான். அந்தப் பையன் ஊருக்குப் போய் வந்தபோது காகிதத்தில் மடித்து ஒரு ஸ்பூன் விதை கொடுத்துவிட்டான். அங்கே அதற்கு லாய் என்று பெயர். வீட்டுக்கு வீடு குளிர்காலத்தில் போடுவார்களாம். பார்க்க நம் கடுகு மாதிரியேதான் இருந்தது. செடி வளர்ந்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது: இலை ஒரு முழத்துக்குக் குறையாமல், ஓரம் சுருட்டை சுருட்டையாக, காம்பு கொழுத்து.

ஐப்பசி கடைசியில் போட்டேன். எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து உயரமான இடம். கார்த்திகை பிறந்தால் காலையில் போர்வையை விட்டு எழ மனசு வராது. கடுகுக்கு அதுதான் வேண்டும். வேறு இடத்தில் பாத்தி, விதைத்த அன்றே கொசுவலை. வளைத்த பிளாஸ்டிக் குழாய் நாலு நட்டு, மேலே வலை, ஓரமெல்லாம் மண் அணைத்து. இந்தத் தடவை வண்டு வெளியேதான் நின்றது. நாற்று நாலு இலை விட்டதும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு அரை அடிக்கு ஒன்றாகக் கலைத்தேன். பிடுங்கியதைக் குப்பையில் போடவில்லை. கழுவி, பொடியாக அரிந்து, தயிரில் வெங்காயத்தோடு போட்டுப் பச்சடி. காட்டம் லேசாக, முள்ளங்கி மாதிரி. மகன் இதைத் தின்றான். பெயர் சொல்லாமல் போட்டதால் தின்றான்.

ஒரு மாதம் கழிந்ததும் முதல் பறிப்பு, நானூறு கிராம். செடியை வேரோடு பிடுங்காமல் வெளி வட்டத்து இலையை மட்டும் கீழ் நோக்கி ஒடித்து எடுத்தால் நடுக்குருத்து தொடர்ந்து இலை விடும். எட்டு நாளுக்கு ஒரு தடவை என்று தை வரை ஆறு பறிப்பு. மார்கழி நடுவில் வலையை எடுத்ததும் இலை அடியில் அசுவினி சாம்பல் நிறத்தில் அப்பிக்கொண்டது. குழாய்த் தண்ணீரை விரலால் அழுத்திப் பீய்ச்சி அடித்தேன், மோசமான இலைகளை ஆட்டுக்குப் போட்டேன். பாதி சரியானது.

பறிக்கும் பக்குவத்துக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் காம்புதான். இலையை எடுத்துக் காம்பை மடக்கினால் 'டக்' என்று உடைய வேண்டும். உடையாமல் வளைந்து, பிரித்தால் நார் தொங்கினால் அது முற்றல். பழுக்க ஆரம்பித்த மஞ்சள் இலை வேண்டாம். நுனியில் பச்சை மொட்டு இருந்தால் பரவாயில்லை, அந்தக் குருத்தோடு வதக்கினால் நன்றாகத்தான் இருக்கிறது. மஞ்சள் பூ விரிந்துவிட்டால் இலையை மறந்துவிட வேண்டியதுதான். வேண்டுமானால் பூவையும் அதன் கீழே இரண்டு விரல் நீளக் குருத்தையும் மட்டும் கிள்ளி எடுக்கலாம்.

கடையில் வாங்குவதற்கும் இதுவே. நடுவில் ஒரு தடவை, "நீ ஏன்க்கா கஷ்டப்படுற, இங்கயே விக்கிறாங்க" என்று தம்பி பெங்களூரிலிருந்து இரண்டு கட்டு வாங்கி வந்தான். ஒரு கட்டை அவிழ்த்தால் வெளியே சுற்றிலும் இளசு, நடுவில் விரல் கனத் தண்டு. எடையில் பாதி தண்டுக்குப் போனது. கட்டு வாங்கினால் நடுவைப் பிரித்துப் பாருங்கள். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், பேன் அங்கேதான் இருக்கும். கட்டிய இடத்தில் மூக்கை வைத்துப் பாருங்கள், அழுகல் அங்கேதான் ஆரம்பிக்கும். இன்னொரு கட்டு கடுகுக் கீரையே இல்லை, முள்ளங்கிக் கீரை. இரண்டும் ஒரே சாயல். முள்ளங்கி இலையைத் தடவினால் சொரசொரவென்று சுணை குத்தும். என் பாத்தியிலிருந்த கடுகு இலை வழுவழுப்பு. சந்தேகமிருந்தால் ஓரத்தைக் கிள்ளி மென்று பாருங்கள். முதலில் ஒன்றுமே தெரியாது, நாலு மெல்லில் காட்டம் மூக்குக்குப் போனால் கடுகு. முள்ளங்கிக் கீரையும் நல்லதுதான், வீணாக்கவில்லை. ஆனால் காசு கொடுத்தது வேறொன்றுக்கு.

பறித்த கீரையைக் கழுவாமல், ஈரம் ஒட்டத் துடைத்து, துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். கழுவி வைத்தால் மறுநாளே கொழகொழ. மண் இலையில் இருப்பதில்லை, காம்பு செடியோடு ஒட்டும் அந்தக் குழிவில் இருக்கும். அகலமான பாத்திரத்தில் தண்ணீரை நிரப்பி, கீரையை அமுக்கி, கலக்காமல் மேலாக அள்ளி எடுத்து, இரண்டு தண்ணீர்.

சமையலுக்கு வருகிறேன். நான் இந்தச் சில மாதங்களில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இதுதான்.

அந்த முதல் காட்டம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். இலை முழுசாக இருக்கும்போது அதில் காரமே இல்லை. காரத்துக்கான சரக்கு ஒரு அறையிலும், அதை உடைக்கும் நொதி வேறு அறையிலும் இருக்கிறது. நறுக்கினால், கடித்தால், அரைத்தால் இரண்டும் கலந்து மூக்கில் ஏறும் அந்தப் பொருள் உண்டாகிறது. கடுகை முழுசாக வாயில் போட்டால் ஒன்றும் தெரியாமல், தண்ணீர் விட்டு அரைத்தால் மட்டும் கண்ணைக் கரிப்பது இதனால்தான். நொதிக்குச் சூடு ஆகாது. கொதிக்கிற சூட்டில் செத்துவிடும். அப்படியென்றால் நறுக்குவதற்கும் அடுப்புக்கும் நடுவில் உள்ள நேரம் நம் கையில் இருக்கிறது அல்லவா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று கைப்பிடி கீரையை மூன்று விதமாகச் செய்து பார்த்தேன். முதல் பிடியைப் பொடியாக அரிந்து, பத்து நிமிடம் தட்டில் அப்படியே வைத்துவிட்டு வதக்கினேன். இரண்டாவதை அரியாமலே முழு இலையாகக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, இரண்டு நிமிடத்தில் எடுத்து, அப்புறம் அரிந்தேன். மூன்றாவதை வாணலியில் எண்ணெய் காய்ந்த பிறகு, அரியரிய நேராக அதிலேயே தள்ளினேன். உப்பு மட்டும், வேறொன்றும் சேர்க்கவில்லை. எது எது என்று சொல்லாமல் எல்லோருக்கும் கொடுத்தேன்.

முதலாவது அத்தைக்குப் பிடித்தது, மற்ற யாருக்கும் இல்லை. "இதுதான் கடுகுக் கீரை, மத்ததெல்லாம் வெறும் கீரை" என்றார். இரண்டாவது சாது. லேசான இனிப்புகூட இருந்தது. மகன் அதைத்தான் கேட்டு வாங்கினான். மூன்றாவது நடுவாந்திரம், எனக்கு அது. இரண்டாவதில் ஒரு நஷ்டம் உண்டு. வெந்த தண்ணீரில் சத்து இறங்கிவிடும். வைட்டமின் சி பச்சை இலையில் 100 கிராமுக்கு 70 மில்லிகிராம் என்றால், வேகவைத்து வடித்ததில் 25தான் இருக்கிறது என்கிறது அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியல். அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் பருப்பு வேகவைக்க எடுத்துக்கொள்கிறேன். சூட்டில் போனது போனதுதான், தண்ணீரில் இறங்கியதையாவது பிடித்துக்கொள்ளலாம்.

இப்போது வழக்கமாகச் செய்வது மசியல். முக்கால் டம்ளர் துவரம் பருப்பு குழைய வெந்ததும், பூண்டு ஐந்து பல், பச்சை மிளகாய் நாலு, தக்காளி இரண்டு (எங்கள் பக்கம் இது மட்டும் குறைவில்லை), அதன் மேல் அரை கிலோ கீரை முழு இலையாகவே. மூடாமல் வேகவிட வேண்டும், மூடினால் நிறம் செத்துவிடும். ஆறேழு நிமிடம். சுண்டைக்காய் அளவு புளி, உப்பு, மத்தால் கடைசல். மிக்ஸியில் போட்டால் பசை மாதிரி ஆகிவிடும், ஒரு தடவை செய்து கெடுத்தேன். கடலெண்ணெயில் வரமிளகாய், சீரகம், கடுகு தாளித்துக் கொட்டியபோது மகன் எட்டிப் பார்த்து, "கடுகு அதோட குட்டியையே தாளிக்குது" என்றான். எது குட்டி, எது தாய் என்று அவனோடு வாதம் செய்ய நேரமில்லை. சுடச்சுடக் கேழ்வரகுக் களி, நடுவில் குழி, அதில் இந்த மசியல்.

பக்கத்து வீட்டு அக்கா தெலுங்குக்காரர். ஒரு நாள் கிண்ணத்தில் கொடுத்தனுப்பியதற்கு, ருசி பார்த்துவிட்டு வேலி ஓரமாக வந்து, "ஆவ பெட்டலேதா?" என்றார். ஆவ வைக்கவில்லையா என்று. ஒரு ஸ்பூன் கடுகு, ஒரு வரமிளகாய், ஊறவைத்த அரிசி ஒரு சிட்டிகை, கொஞ்சம் உப்பு, எல்லாவற்றையும் தண்ணீர் தெளித்து நைசாக அரைத்து, கறியை இறக்கின பிறகு கலப்பது. வாழைக்காய், பூசணிக்காய்க்கெல்லாம் அவர்கள் வீட்டில் இது உண்டு. "ஸ்டவ் ஆப்பின தர்வாத்த" என்று இரண்டு தடவை சொன்னார். அடுப்பை அணைத்த பிறகுதான், கொதிக்கவிட்டால் கசக்கும்.

எனக்கு அங்கேயே பொறி தட்டியது. வேகவைத்ததால் கீரையில் செத்துப்போன நொதியைப் பச்சைக் கடுகு திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. வெந்த பிராக்கோலியில் கடுகுப் பொடியைத் தூவினால் அந்தக் காரப் பொருளின் வகையைச் சேர்ந்த ஒன்று கூடுகிறது என்று ஆய்வே இருக்கிறது. அக்காவிடம் சொன்னேன். "மா அம்ம ஆய்வு சேசிந்தா?", எங்கம்மா ஆய்வு செய்தாரா என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். இப்போது மகனுக்கு எடுத்து வைத்துவிட்டு, மீதியில் அரை ஸ்பூன் ஆவ கலக்கிறேன். அத்தை சமாதானமாகிவிட்டார்.

சத்துக் கணக்கை ஒரு நாள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். மிகை வேண்டாம் என்றுதான். பச்சைக் கடுகுக் கீரை 100 கிராமில் கால்சியம் சுமார் 115 மில்லிகிராம். அதில் ஐந்தில் இரண்டு பங்கு என்றால் 46. ஒரு டம்ளர் பாலில், 200 மில்லி என்று வைத்தால், 240 போல இருக்கும், உடம்புக்குப் போவது 75க்குப் பக்கம். ஆக ஒரு ஆள் பங்கு கீரை, அரை டம்ளர் பாலுக்குச் சற்று மேல். அவ்வளவுதான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்குச் சொன்ன தினசரி அளவு 1000 மில்லிகிராம். கீரை மட்டும் தின்று அதை எட்ட முடியாது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 350க்கு மேல் இருக்கிறது. தானியத்தில் இருக்கும் பைட்டிக் அமிலம் கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டாலும் அளவு பெரிது. களி, கீரை, தயிர், எள்ளுத் துவையல் என்று நாலு பக்கமும் சேர்த்தால்தான் என் கணக்கு நிமிர்கிறது. இந்தக் கீரையால் முழங்கால் வலி போச்சு என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். என் வலி இன்னும் இருக்கிறது, கொஞ்சம் நடைப்பயிற்சிக்குப் பிறகு குறைந்திருக்கிறது, அது கீரையாலா நடையாலா என்று பிரிக்க எனக்குத் தெரியாது.

கீரையை எல்லோருக்கும் பரிமாறும் முன் ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவசரப்படாதது நல்லதாகப் போனது. மாமாவுக்கு ஐந்து வருடத்துக்கு முன் இதய வால்வு மாற்றினார்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை போடுகிறார். அந்த மாத்திரை வேலை செய்வதே வைட்டமின் கே-யைத் தடுத்துத்தான். கடுகுக் கீரையில் அது 100 கிராமுக்கு 250 மைக்ரோகிராமுக்கு மேல். அமெரிக்கக் கணக்கில் ஒரு ஆணுக்கு ஒரு நாளைக்கு 120 போதும். திடீரென்று தட்டு நிறைய வைத்தால் மாத்திரையின் பிடி தளர்ந்துவிடும். மாமாவோ களிக்கு மசியல் என்றால் எதையும் கேட்காதவர். முதல் பறிப்பு அன்று அவருக்கு மட்டும் கத்தரிக்காய்க் குழம்பு வைத்ததில், "எனக்கு மட்டும் என்ன பத்தியமா?" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேன். கீரையே கூடாது என்பதில்லை, வாராவாரம் ஒரே அளவாக இருக்க வேண்டும், ஒரு வாரம் நிறைய, ஒரு வாரம் பூஜ்யம் என்று ஆடக் கூடாது என்றார். ஆரம்பித்தால் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) சீக்கிரமே திரும்பப் பார்த்து, தேவைப்பட்டால் மாத்திரை அளவை மாற்றிக்கொள்ளலாம் என்றார். அதன்படி புதனும் சனியும் மாமாவுக்கு ஒரு சின்னக் கரண்டி, அளந்து. பாத்தியில் கீரை முடிந்த பிறகும் அதே நாட்களில் வேறு பச்சைக் கீரை அதே கரண்டியில். பின்னால் இரண்டு தடவை ஐஎன்ஆர் பார்த்தோம், அவருக்குச் சொன்ன எல்லைக்குள்தான் நிற்கிறது. உங்கள் வீட்டில் இந்த மாத்திரை போடுபவர்கள் இருந்தால் என் கரண்டியைப் பார்த்து நீங்கள் அளக்காதீர்கள், அவரவர் டாக்டரைக் கேளுங்கள். தைராய்டு உள்ளவர்களும் தினம் பச்சையாக அரைத்துக் குடிப்பது மாதிரியான வேலை எதுவும் வேண்டாம். வேகவைத்து அளவாகச் சாப்பிடுவது வேறு விஷயம்.

தை முடியும்போது வெயில் ஏறியது. லாய் செடியும் பூவுக்குப் போனது. இரண்டு நல்ல செடியை விதைக்கு விட்டேன். மாசி கடைசியில் காய் வெளுத்து, தொட்டால் வெடிக்கும் பதத்துக்கு வந்ததும், விடிகாலையில் ஈரத்தோடு அறுத்து, பழைய வேட்டியில் போட்டுக் காயவைத்துத் தட்டினேன். முறத்தில் புடைத்தால் அரை டம்ளர் விதை. நம் கடுகை விடக் கொஞ்சம் பழுப்பு. அதை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு அடுக்களை அலமாரியில் வைத்துவிட்டு, காகிதத்தில் பெயர் எழுதி ஒட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் டப்பாவில் பாதிதான் இருக்கிறது. அத்தைக்குக் கண் கொஞ்சம் மங்கல். பக்கத்தில் இருந்த டப்பாவைத் திறந்து ஒரு வாரமாக ரசத்துக்கு அதைத்தான் தாளித்துக்கொண்டிருந்திருக்கிறார். "அதான் ரசம் ஒரு மாதிரி வாசனையா இருந்துச்சு" என்றார் மாமா, பத்திய வாரத்துக்குப் பழி தீர்த்தாற்போல. மீதியை மாமாவின் காலி மாத்திரைப் புட்டியில் போட்டு, மேலே 'லாய், ஐப்பசிக்கு' என்று எழுதி ஒட்டி, துணி அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.